பயோஸ்ஃபியர் 2 போய்வந்தோம், அந்த 'நுரையீரலை' மட்டும் தவறவிடாதீர்கள்

அரிசோனா பக்கம் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி பயோஸ்ஃபியர் 2-ஐப் பாருங்கள். டூசானிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். 3 ஏக்கர் கண்ணாடிக் கூரைக்குள் மழைக்காடு, சதுப்புநிலம், பாலைவனம், ஒரு குட்டிக் கடல்கூட இருக்கிறது. 1991 செப்டம்பரில் 8 பேர் உள்ளே போய், வெளிக்காற்று புகாதபடி கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வருடம் வாழ்ந்த இடம். படிக்கட்டுகள் அதிகம், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காடு அழகுதான், ஆனால் என்னைக் கட்டிப்போட்டது 'நுரையீரல்'. சுரங்கப்பாதை வழியாகப் போனால் பெரிய வட்ட அறை, தலைக்கு மேலே கறுப்பு ரப்பர் விரிப்பு, அதன் நடுவில் அலுமினியத் தட்டு. அந்த 8 பேர் இருந்த காலத்தில் எல்லாம் மூடியிருந்தபோது பகல் வெயிலில் காற்று விரிந்தால் தட்டு எழும்பும், ராத்திரி குளிர்ந்தால் இறங்கும். இது இல்லையென்றால் கண்ணாடி தாங்கியிருக்காது.

"பூமியும் இப்படி மூச்சு விடுமாப்பா?" என்று மகள் கேட்டாள். உயிர்களும் காற்றும் கடலும் பாறையும் சேர்ந்து பூமியைச் சீராக வைத்துக்கொள்கின்றன என்று 1970-களில் லவ்லாக், மார்குலிஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொன்னார்கள், லவ்லாக் ஒரு படி மேலே போய் பூமிக்கு உயிர் உண்டு என்றே எழுதினார். பூமி குட்டி போடுவதில்லையே, அதனால் உயிர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது என்பதை இந்தக் கட்டடத்தில் நின்றபோது முழுசாக நம்பினேன்.

ஏனென்றால் இங்கே 16 மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து சுமார் 14.5-க்கு இறங்கிவிட்டது, 4,000 மீட்டர் மலை உச்சியில் இருப்பது மாதிரி. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஏற்றவேண்டி வந்தது. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக் கார்பன் டை ஆக்சைடை விட்டன, அதைச் செடிகள் திருப்பி ஆக்சிஜனாக்குவதற்குள் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டன. பூமியிலும் பாறை அதை உறிஞ்சத்தான் செய்கிறது, ஆனால் எரிமலைகள் திருப்பித் தருகின்றன, சூடு கூடினால் பாறை வேகமாகக் கரைந்து இன்னும் இழுக்கிறது. இளம் சூரியன் இன்றைய வெளிச்சத்தில் சுமார் 70 சதவீதம்தான் கொடுத்தது, அப்போதும் பூமியில் கடல் உறைந்துபோகாமல் இருந்தது. இந்தக் கான்கிரீட் சுவரோ வாங்கியதைத் திருப்பித் தரவே இல்லை.

வெளியே வரக் கதவைத் திறந்ததும் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது, மகளின் முடியெல்லாம் முகத்தில். "இன்னொரு தடவைப்பா" என்றாள். சரி என்று திரும்பி உள்ளே போனோம்.