‘இயற்கைதானே’ என்று நம்பி ஏற்றிக்கொண்ட ஊசி

திருகோணமலையில் முகத்துக்கு ஃபில்லர் (சுருக்கக் கோடுகளை நிரப்ப ஊசியால் ஏற்றும் ஜெல்) போட எண்ணியிருப்பவர்கள், முற்பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

எனக்கு வயது 46. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் கோடு, மகளின் கலியாணம் நெருங்க நெருங்க என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. புருவம் திருத்த வழமையாகப் போகும் அழகுக்கலை நிலையத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஒரு ‘டொக்டர்’ வருவதாகவும், அவர் போடுவது இயற்கையான ஃபில்லர் என்பதால் பக்கவிளைவே கிடையாது என்றும் சொன்னார்கள். “எங்கட உடம்பில இருக்கிற சாமான்தானே அக்கா, பயப்பிடாதீங்க” என்றது அங்கே வேலை செய்யும் பிள்ளை.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்ததால்தான் ஏமாந்தேன். ‘இயற்கையான’ ஃபில்லர் என்று அவர்கள் சொல்வதன் மூலப்பொருளான ஹயலூரோனிக் அமிலம் நமது தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இருப்பதுதான். 1934 இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் அதை முதன்முதலில் பிரித்தெடுத்ததே மாட்டின் கண்ணிலிருந்துதான். ஆனால் தோலில் உள்ள அமிலம் ஓரிரு நாளில் சிதைந்து, புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். ஊசியில் வருவதோ பெரும்பாலும் பாக்டீரியாவை நொதிக்க வைத்து எடுத்து, அதன் இழைகளை இரசாயனத்தால் ஒன்றோடொன்று பிணைத்த ஜெல். அந்தப் பிணைப்பு இருப்பதால்தான் அது ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை தாக்குப்பிடிக்கிறது. இதில் ‘இயற்கை’ எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள். ஃபில்லரே மோசடி என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவில் இதற்கு 2003 இலேயே அனுமதி கிடைத்துவிட்டது, தேர்ந்த கையால் ஏறினால் கோடு மென்மையாவதும் உண்மை.

வந்தவர் கைப்பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை எடுத்து, சாதாரண ஊசியால் மருந்தை உறிஞ்சினார். தரமான ஃபில்லர், ஊசிக்குழாயிலேயே நிரப்பி முத்திரையிட்ட பெட்டியில், தொகுதி இலக்கத்துடன் வரும் என்பது அன்று எனக்குத் தெரியாது. வலப்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. இடப்பக்கம் ஏறும்போது பல்வலியைப் போல ஓர் இழுப்பு கன்னத்துக்குள் ஓடியது. கண்ணாடியில் பார்த்தால், மூக்கின் இடப்பக்க மடல் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தது. ஐஸ் வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாலையில் அந்த இடத்தில் வலை பின்னியதுபோல் நீலச்சிவப்புக் கோடுகள் தெரிந்தன. அழைத்துக் கேட்டபோது “கண்டல்தான், இரண்டு நாளில போயிடும்” என்றார்கள்; அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

தாதியாக இருக்கும் என் மருமகள் வட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துவிட்டு, “விடியும் வரைக்கும் பார்த்திருக்காதீங்க மாமி, இப்பவே வைத்தியசாலைக்குப் போங்க” என்றிராவிட்டால் நான் ஐஸ்தான் வைத்துக்கொண்டிருந்திருப்பேன். ஜெல் நாடிக்குள் போய் இரத்தத்தை அடைத்துவிட்டது என்றும், ஐஸ் அந்த நாடியை மேலும் சுருக்கும் என்றும், மூக்கோரத்து நாடிகள் கண்ணுக்குப் போகும் நாடியோடு தொடர்புடையவை என்பதால் பார்வையே போயிருக்கக்கூடும் என்றும் வைத்தியர் விளக்கினார். ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை ஏற்றினால் ஜெல் கரையும், ஆனால் உள்ளே போனது ஹயலூரோனிக் அமிலமாக இருந்தால் மட்டுமே. “என்ன ஃபில்லர் போட்டார்கள், பெட்டி எங்கே?” என்று அவர் கேட்டபோது, பதில் சொல்லத் தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நொதியை அன்றிரவும் மறுநாளும் ஏற்றினார்கள். நிறம் திரும்பியது, ஆனால் மூக்கு மடலில் மிளகளவில் கறுத்து உதிர்ந்த இடம் இன்றும் குழியாகவே இருக்கிறது. மகளின் கலியாணப் படங்களில் நான் வலக்கன்னம் மட்டும் தெரியும்படி திரும்பியே நிற்கிறேன்.

நீங்கள் போவதானால், ஊசி போடுபவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்கிறதா, அந்தப் பொருளைத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை பதிவு செய்திருக்கிறதா என்று பார்த்து, பெட்டியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லி, அதன் ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொண்டு, ஹயலூரோனிடேஸ் அந்த அறையிலேயே இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். முகம் சுளிப்பார்களானால் எழுந்து வந்துவிடுங்கள்.

போன வாரம் முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன். பொருளின் பெயர், தொகுதி இலக்கம், போட்டவரின் பதிவிலக்கம் என்று வரிசையாகத் தலைப்புகளை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பற்றுச்சீட்டு என்று என்னிடம் இருப்பது, ‘முக அழகு – 45,000’ என்று எழுதிய ஒரு கொப்பித் தாள் துண்டு மட்டுமே.