சென்கோ ரப்பர் புழு: நம்ம படகுத்துறை விராலுக்குச் சரிவருமா?

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கிறவர்கள், துறை மேடைக்கும் நிறுத்தி வைத்த போட்டுக்கும் அடியில் போடுவதற்காக வாங்கி அடுக்குகிற ரப்பர் புழு இது. ரப்பர் இரை செய்கிற கேரி யமமோட்டோவின் கம்பனி 1990களில் சந்தைக்கு விட்டது. அதிகம் விற்பது 5 அங்குல அளவு, ஒரு பக்கெட்டில் 10 இருக்கும். முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்குச் சப்பென்று போய்விடும். வால் இல்லை, தகடு இல்லை, சுழலுகிற பாகம் எதுவும் இல்லை. இரண்டு முனையும் கூம்பிய வெறும் ரப்பர் குச்சி. கொடுக்கிற காசு அதற்குள் கலந்திருக்கிற உப்புக்குத்தான்.

உப்பு இருப்பதால் புழு தன் பருமனை மீறிக் கனக்கும். 5 அங்குலப் புழு ஒன்று ஏறக்குறைய 10 கிராம். ஆகவே ஈயம் கட்டாமலே நன்றாக எறியலாம். நடுவில் கொக்கியைப் போட்டுத் தண்ணீரில் விட்டால் படுத்த வாக்கில் மெதுவாக இறங்கும், இறங்கும்போது இரண்டு முனையும் துடிக்கும். அந்தத் துடிப்புக்குத்தான் மீன் வருகிறது. எறிந்த கையோடு சுற்ற ஆரம்பித்தால் ஒரு செத்த குச்சியைத்தான் இழுத்து வருவீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இலங்கை மலைநாட்டில் கொத்மலை, விக்டோரியா போன்ற நீர்த்தேக்கங்களில், இரண்டு மீற்றராவது ஆழமுள்ள மிதவைத் துறைகளில் விரால் தேடுகிறவர்களுக்கு இது வாங்க வேண்டிய சாமான். காசல்ரீயிலோ கிரகரி வாவியிலோ கார்ப் பிடிக்கப் போகிறவர்களுக்கும், திலாப்பியா போதும் என்பவர்களுக்கும் வீண் செலவு. கார்ப் இதை ஏறெடுத்தும் பார்க்காது. அந்தக் காசுக்கு நல்ல மிதப்புக்கட்டை, சின்னக் கொக்கி, பிசைந்த மாவு என்று வாங்கினால் மாதக்கணக்கில் ஓடும்.

துறைக்கு அடியில் ஏன் பெரிய மீன் நிற்கிறது என்று தெரிந்தால்தான் இந்தப் புழுவை எங்கே போடுவது என்று தெரியும். தூண்களிலும் மிதவைப் பீப்பாய்களிலும் பாசி பிடிக்கிறது. பாசிக்குச் சின்ன மீன் வருகிறது. சின்ன மீனுக்குப் பெரியது வருகிறது. அதோடு, நிழலில் நிற்கிற மீனுக்கு வெளிச்சத்தில் போவது பளிச்சென்று தெரியும், வெளிச்சத்தில் இருப்பதற்கு நிழலில் நிற்பது தெரியாது. அமெரிக்க பாஸ் இந்த நிழலில் நடு ஆழத்தில் தொங்கி நின்று, தலைக்கு மேலிருந்து விழுவதை எடுத்துவிடும். சென்கோ அந்தப் பழக்கத்துக்கு அளவெடுத்த மாதிரி.

நம்ம விரால் அப்படி இல்லை. அது மேலே வந்து காற்றுக் குடிக்கிற மீன். கரையோரம், புல், சல்வீனியா என்கிற மிதக்கும் களை, ஆழம் குறைந்த மூலை, இவைதான் அதன் இடம். ஆகவே புழு விழுகிற அழகில் பாதி இங்கே வீண்தான். ஆனால் மிதவைத் துறையில் கதை வேறு. காற்று தள்ளி வந்த பாசியும் குப்பையும் ஒரு பக்கமாகச் சேர்ந்து கிடக்கும், அதன் விளிம்பில் விரால் நிற்கும். அங்கே மேலே ஓடுகிற ரப்பர் தவளையைவிட, விளிம்பைத் தொட்டு மெல்ல இறங்குகிற புழுவுக்குக் கடி அதிகம். வெயில் ஏறி, தவளைக்கு மீன் எழும்பாத பத்து மணிக்குப் பிறகுதான் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கட்டுகிற முறை இரண்டு. முதலாவது, நடுவில் குத்துவது. கொக்கியை நேரே ரப்பரில் ஏற்றினால் இரண்டு எறிக்குள் கிழிந்து போகும். புழுவின் நடுவில் ஒரு சின்ன ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை ஏற்றி, அதற்கும் ரப்பருக்கும் இடையில் கொக்கியை நுழைக்க வேண்டும். ஓ-ரிங் ஏற்ற விற்கிற கருவி வாங்கத் தேவையில்லை. புழு நுழையும் அளவு பழைய பேனாக் குழாய் ஒன்று போதும். ரிங்கைக் குழாயின் வெளியில் மாட்டி, புழுவை உள்ளே பாதி வரை தள்ளி, ரிங்கை உருட்டி விட்டால் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். கொக்கி அளவு 1/0 அல்லது 2/0, முள்ளுக்கு முன்னால் கம்பிக் காவல் உள்ளது. காவல் இல்லாத கொக்கி துறையின் கயிற்றைத்தான் முதலில் பிடிக்கும்.

இரண்டாவது, முள்ளை மறைத்துக் கட்டுவது. 4/0 அகலக் கொக்கியை எடுத்து, முனையிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே குத்தி வெளியே எடுத்து, கொக்கியைத் திருப்பி, உடம்பைக் குறுக்காகத் துளைத்து, முள்ளின் நுனி மட்டும் தோலில் பதியும்படி விடுவது. புழு நேராக இருக்க வேண்டும். ஒரு சின்ன வளைவு இருந்தாலும் சுழன்று சுழன்று வந்து தங்கூசி நூலை முறுக்கிவிடும். விராலுக்கு எங்கள் ஓட்டு இந்த இரண்டாவதுக்கே. பாசிக்குள் சிக்காது, துறைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும், விராலின் கெட்டியான வாயை இறுக்கிப் பிடிக்கத் தடித்த கொக்கியும் கிடைக்கும். நடுவில் குத்துகிற மெல்லிய கொக்கி பெரிய விராலுக்கு நிமிர்ந்துவிடும் அபாயம் உண்டு.

ரொட் ஆறரை அடியிலிருந்து ஏழு அடி, நடுத்தரப் பலம், நுனி மட்டும் சட்டென்று வளைவது. 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். பிரதான நூல் 20 இறாத்தல் தாங்குகிற பிரெய்ட், அதாவது பின்னிய நூல், அதன் முனையில் ஒரு முழத்துக்குச் சற்று அதிகமாக 25 அல்லது 30 இறாத்தல் ஃபுளோரோகார்பன் லீடர், கொக்கி கட்டுகிற முனை நூல். பாஸ்காரர்கள் 10, 12 இறாத்தல் லீடர் போதும் என்பார்கள். அவர்கள் மீனுக்கு அது சரி. விராலின் பல்லுக்கும் பீப்பாய் கட்டிய இரும்புச் சட்டத்தின் விளிம்புக்கும் அது போதாது. கடித்தவுடன் மீன் நேரே துறைக்கு அடியில்தான் பாயும், முதல் இரண்டு விநாடிக்குள் தலையைத் திருப்ப முடியாவிட்டால் கதை முடிந்தது. மீன் இழுக்க நூலை விட்டுக்கொடுக்கிற ரீலின் டிராகை இறுக்கித்தான் வைக்க வேண்டும்.

எறிவதுதான் கஷ்டமான பகுதி. மேடைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண், ஒன்றரைச் சாண் இடைவெளிதான் இருக்கும். மேலிருந்து எறிந்தால் புழு மேடையின் விளிம்பில் விழும். குளத்தில் ஓட்டுச்சில்லை வழுக்க விடுவோமே, அதே கை. ரொட்டின் நுனி முழங்காலுக்குக் கீழே, பக்கவாட்டில் வீச்சு, நிழல் தொடங்குவதற்கு இரண்டு மீற்றர் முன்னால் புழு தட்டையாகத் தண்ணீரைத் தொட வேண்டும். அங்கிருந்து இரண்டு மூன்று தடவை துள்ளி உள்ளே போய்விடும். பெரும்பாலும் பிழை வருவது ஒரே இடத்தில்: வீச்சு முடிகிற நேரம் நுனி மேலே எழும்புகிறது. நுனி எழும்பினால் புழு மேலிருந்து சரிந்து விழும், முதல் தொடுகையிலேயே முங்கிவிடும். நடுவில் குத்திய புழு குறுக்காக விழுவதால் அவ்வளவு தூரம் துள்ளாது, முள் மறைத்த புழுதான் துள்ளும். ரீலில் நூல் சுற்றுகிற சின்ன ஸ்பூலில் பிரெய்ட்டை விளிம்பு வரை நிறைத்தால் வீச்சின்போது மொத்தமாகக் கழன்று சிக்கல் விழும், 2 மில்லிமீற்றர் குறைத்துச் சுற்றுங்கள்.

விழுந்த பிறகு கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். நூல் தளர்வாக இருந்தால்தான் புழு துடித்து இறங்கும். கண் நூலின் மேல். கடி பெரும்பாலும் கைக்குத் தெரியாது, நூல் ஒரு துள்ளு துள்ளும், அல்லது பக்கவாட்டில் நகரும், அல்லது இறங்க வேண்டிய நூல் இடையில் நின்றுவிடும். அடி வரை போனதும் நுனியை ஒரு முழம் தூக்கி மறுபடி விடுங்கள். இரண்டு தடவை. அதற்குள் ஒன்றும் இல்லையென்றால் வேகமாகச் சுற்றி எடுத்து அடுத்த இடத்தில் போடுங்கள். வெளியிடத்தில் புழுவை மெல்ல இழுத்து வருவது நேர விரயம்.

எங்கே முதலில் போடுவது? காலையில் மேற்கு நிழல், பின்னேரம் கிழக்கு நிழல். துறையின் வெளி மூலை முதலில், அப்புறம் ஏணி, அப்புறம் நங்கூரச் சங்கிலி இறங்கும் இடம். உள்ளே நிற்கிற மீனை முதல் எறியிலேயே துரத்தாமல் வெளியிலிருந்து உள்ளே போவதுதான் முறை. நிறுத்திய போட்டின் எஞ்சின் காலுக்கும் மேடைக்கும் நடுவே உள்ள இடுக்கு நல்ல இடம், ஆனால் முள் சீற்றுக்குப் போட்ட துணியில் ஏறினால் போட்காரரோடு சண்டைதான். துறை ஹோட்டலுக்கோ போட் சேவைக்கோ சொந்தமாக இருக்கும், "அண்ணே, ஆள் ஏத்துற நேரம் இல்லாட்டி அந்த மூலையில கொஞ்ச நேரம் போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவரே மீன் நிற்கிற இடத்தையும் காட்டுவார். அணைக்கட்டுப் பக்கம் தடை போட்ட இடங்களில் கேட்பதற்கே போகாதீர்கள்.

இன்னொன்று, மலைநாட்டு நீர்த்தேக்கம் ஒரே மட்டத்தில் நிற்காது. தென்மேல் பருவமழையில் நிறையும், ஜனவரி தாண்டி வறட்சியில் மின்சாரத்துக்குத் திறந்து இறங்கும். மார்ச் மாதம் தூண் ஊன்றிய துறை சேற்றில் நிற்கலாம், அங்கே இந்தப் புழுவுக்கு வேலையில்லை. மிதவைத் துறை மட்டும் தண்ணீரோடு இறங்கிப் போகும். ஆனால் இறங்கிய இடத்தில் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மவுசாகலையில் தண்ணீர் இறங்கும்போது பழைய மஸ்கெலியாவின் கோவில் வெளியே வருகிறது, கொத்மலையில் கடதொர விகாரை தெரிகிறது. சுவரும் மரத்தண்டும் கிடக்கிற இடத்தில் நடுவில் குத்திய புழுவைப் போட்டால் கொக்கிக்கு மேல் கொக்கி போகும்.

குறை என்று பார்த்தால் முதலில் ஆயுள். உப்பு அதிகம், ரப்பர் மெது. ஆகவே சீக்கிரம் கிழியும். விரால் ஒன்று சரியாகக் கடித்தால் அந்தப் புழு முடிந்தது. திலாப்பியா முட்டைக்குழி காக்கிற காலத்தில் முனையை மட்டும் கொத்திக்கொண்டு போகும், கடி என்று நினைத்து அடித்தால் அரைப் புழு திரும்பி வரும். அரைப் புழுவைக் குப்பையில் போட வேண்டாம். மூன்று அங்குலத் துண்டைச் சின்ன ஈயத்தலைக் கொக்கியில் ஏற்றினால் வேலை செய்யும். கிழிந்த இடத்தை லைட்டரால் உருக்கி ஒட்டலாம், வீட்டுக்குள் வேண்டாம், புகை கெட்டது. தேறாததைப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தண்ணீரில் கிடக்கிற ரப்பரை மீன் விழுங்கும்.

இரண்டாவது, குளிர். நுவரெலியாப் பக்கத்துக் காலைக் குளிரில் ரப்பர் இறுகி, முனை துடிப்பது குறைந்துவிடும். போடுமுன் கொஞ்ச நேரம் சட்டைப் பைக்குள் வைத்திருந்தால் சரியாகும்.

இதே உருவத்தில் மலிவான புழுக்கள் நிறையக் கிடைக்கின்றன. எல்லாமே மோசமில்லை. வாங்கியதும் ஒரு வாளித் தண்ணீரில் ரிங் போட்டு விட்டுப் பாருங்கள். மிதந்தாலோ, ஒரு முனை முதலில் குத்திக்கொண்டு இறங்கினாலோ, முனைகள் அசையாமல் கல்லாக விழுந்தாலோ அது நடுவில் குத்துவதற்கு ஆகாது. முள் மறைத்துக் கட்டி, விளிம்பில் தட்டி இழுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். விராலுக்கு அப்படிப் பார்த்தால் மலிவு சரக்கும் பாதி வேலைக்கு ஆகிறது, கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் கூட இரண்டு கடி தாங்கும்.

நிறத்தில் தலையை உடைக்க வேண்டாம். மழைக்குப் பின் கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பில் நீலப் பொட்டு, தெளிந்த தண்ணீருக்கு மங்கிய பச்சை. இரண்டும் போதும். சிவப்புக் குஞ்சுகள் பந்தாகத் திரள, பக்கத்தில் தாய் விரால் நிற்கிறதென்றால் அந்தத் துறையை விட்டுவிடுங்கள். எதைப் போட்டாலும் அடிக்கும், குஞ்சு மிஞ்சாது.

புழுவை அதன் பக்கெட்டிலேயே நேராக வையுங்கள். சாதாரண பிளாஸ்ரிக் பெட்டியில் மற்ற லூர்களோடு போட்டால் ரப்பர் பெட்டியை உருக்கி ஒட்டிக்கொள்ளும், நிறமும் ஒன்றுக்கொன்று ஏறும். வெயிலில் காருக்குள் வளைந்து போனால் சூடு தண்ணீரில் போட்டு நேராக்கி ஆற விடலாம். ஏற்றிய கொக்கியை அப்படியே விட்டுவைத்தால் உப்பு அடுத்த வாரத்துக்குள் துருப்பிடிக்க வைக்கும். வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்து வையுங்கள்.