வெட்டி ஒட்டிய வீடியோவுக்கு எது சரியான பதில்?

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் ஒரு சட்டமன்ற வேட்பாளர் இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “ஒருபோகத்துக்கு இந்த வருஷம் தண்ணீர் கிடையாது என்று எந்த அதிகாரி சொன்னாலும் விடமாட்டோம்.” மறுநாள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது “இந்த வருஷம் தண்ணீர் கிடையாது” மட்டும்தான். பின்னால் சோக இசை, வெடித்துக் கிடக்கும் வயல் படம். பெரியாறு கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகச் சாகுபடி. அதைத் தாண்டிய மேலூர்ப் பகுதி அதே கால்வாயை நம்பி ஒரு போகம் போடும் பூமி. அங்கே இதைவிட விஷமான சில விநாடிகள் இருக்க முடியாது.

கண்டுகொள்ளாமல் விடுவது, பதிலடி வீடியோ, புகார், நேரில் போய்ச் சொல்வது என நான்கு வழிகள் இருக்கின்றன.

கட்சியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் முதலாவதைத்தான் சொல்வார்கள். பத்துப் பேர் பார்த்ததற்குப் பதில் சொல்லப் போனால் நாமே அதை ஆயிரம் பேருக்குக் காட்டியதாகிவிடும். பாதி சரிதான். ஆனால் சொந்த பூத் ஏஜென்டே போன் போட்டு, “அண்ணே, நிசமாவே அப்படிப் பேசுனாரா?” என்று கேட்டுவிட்டால், சும்மா இருக்கும் கட்டம் முடிந்தது.

பதிலடி வீடியோ இளவட்டங்களுக்குப் பிடித்தது. காசு கட்டி விளம்பரமாகப் போட்டால் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். வேட்பாளர் மூன்று நாளுக்கு முன்பே மனுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் பொய் ஏழு ஊர் சுற்றி வந்துவிடும். செலவும் வேட்பாளரின் 40 லட்ச ரூபாய் உச்சவரம்புக் கணக்கில் ஏறும். அவருடைய சொந்தப் பக்கத்தில் சும்மா பதிவிட்டால் இந்தச் சான்று தேவையில்லை. சரி, எதைப் பதிவிடுவது? பெரும்பாலும் எதிராளியின் வீடியோவையே எடுத்து மேலே சிவப்பில் ‘பொய்’ என்று முத்திரை குத்துகிறார்கள். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. சத்தத்தை அணைத்துவிட்டு விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் படுவது வெடித்த வயல்தான். “தண்ணீர் கிடையாது என்று நான் சொல்லவே இல்லை” என்று தொடங்குவதும் அதே கதைதான். முழுப் பேச்சையும் வெட்டாமல் போட்டு, மேலே “ஒருபோகத்துக்குத் தண்ணீர் வாங்கித் தருவோம்” என்று எழுதினால் போதும். எதிராளியைத் திட்டி ஒரு வரிகூட வேண்டாம். திட்டினால் நாளைக்கு அவர் திட்டுவார், பேச்சு தண்ணீரை விட்டு எங்கோ போய்விடும்.

புகார் விஷயத்தில் எது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வேண்டும். தேர்தல் விதிமீறலைப் புகார் செய்ய ஆணையம் தந்த சி-விஜில் செயலி நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்ற கணக்கில் வந்தது. ஆனால் அதிலேயே நேரடியாக எடுத்த படம்தான் செல்லும், வந்த ஃபார்வர்டை ஏற்ற முடியாது. எனவே சுவரொட்டிக்கு உதவும், வாட்ஸ்அப்புக்கு உதவாது. மொட்டை நோட்டீஸ் என்றால் சட்டம் நம் பக்கம்: அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இல்லாமல் தேர்தல் நோட்டீஸ் அடித்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. போலி வீடியோவைத் தெரியவந்த மூன்று மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் சொன்னது கட்சிகளுக்கு. ஊர்க் குழுவில் சுற்றுவதோ எந்தக் கட்சியின் பெயரிலும் இருக்காது.

நீதிமன்றம்? அதே மாதம் கல்கத்தா உயர் நீதிமன்றம் திரிணமூலுக்கு எதிரான பாஜக விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. ஆணையம் உரிய நேரத்தில் செயல்படவில்லை என்றும் கண்டித்தது. பெரிய கட்சிக்கு அது சரி. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிய பொய் என்றால் அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 123(4) பிரிவு இருக்கிறது, ஆனால் தேர்தல் மனு போடுவது முடிவு வந்த பிறகு. ஆகவே புகாரை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்கி வையுங்கள், அதோடு அதை மறந்துவிடுங்கள்.

என் ஓட்டு நான்காவதற்கு, அதாவது நேரில் போய்ச் சொல்வதற்கு. அன்று சாயங்காலமே மந்தையில் நாலு நாற்காலி போட்டு, ஆயக்கட்டு விவசாயிகள் முன்னால் வேட்பாளர் தண்ணீரைப் பற்றி மட்டும் பேச வேண்டும். முழு வீடியோவை ஊருக்கு ஒருவர், ஊர்க்காரர் என்று எல்லோருக்கும் தெரிந்தவர், அதே குழுக்களில் போட வேண்டும். கட்சி ஐ.டி. பிரிவின் எண்ணிலிருந்து வந்தால் யாரும் திறப்பதில்லை. இதில் குறையும் உண்டு: ஆள் பலம் இல்லாதவருக்கு இது ஆகாது, மதுரை நகரத்துக்குள் அடுக்குமாடி வாசலில் காவலாளியைத் தாண்டவே முடியாது. அங்கே சொந்தப் பக்க வீடியோவுக்குத்தான் முதலிடம்.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய கடைசி 48 மணி நேரத்தில் வீடியோ வந்தால் கணக்கு மாறும். மைக், கூட்டம் எதுவும் கூடாது. வீடு வீடாகப் போகலாம். அதற்கு எந்தத் தெருவுக்கு யார் என்று முன்பே எழுதி வைத்திருப்பவருக்குத்தான் அந்த இரண்டு நாள் பயன்படும்.