23,500 ரூபாய்க்கு உடைந்த சேணம்: குதிரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

23,500 ரூபாய். ஓர் உடைந்த சேணத்துக்கு நான் கட்டிய பணம் இது. விற்றவன் இப்போது போனை எடுப்பதில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வரிசை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமான்களை வாங்க விற்க எல்லோரும் வைத்திருக்கும் செயலிகளில் ஒன்று. அதில் குதிரைச் சாமான் மட்டும் விற்கிற ஒரு கணக்கு. பெயர் இப்போதைக்கு வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருப்பதால் போடவில்லை. கொங்குத் தமிழ் பேசுகிற ஆள், மரியாதை தெரிந்த பேச்சு. அந்த அளவுக்குச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை. சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரையில் காலையில் ஓட்டுவேன். இதுவரை நாட்டுச் சேணம்தான். முன்னும் பின்னும் தூக்கலாக, கனமாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் இடுப்பு விட்டுப்போகும். அதனால்தான் ஆல் பர்ப்பஸ் என்கிற இங்கிலீஷ் சேணம் தேடினேன். நடைப் பயிற்சிக்கான டிரெஸ்ஸாஜ் சேணத்தில் பக்கத் தோல் நேராகத் தொங்கும், கால் நீண்டு கிடக்கும். தாண்டுகிற சேணத்தில் அது முன்னால் தள்ளியிருக்கும், முழங்கால் மடங்கி நிற்கும். ஆல் பர்ப்பஸ் இரண்டுக்கும் நடுவில். கரையில் நடை, கொஞ்சம் ஓட்டம், குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால் வந்தால் ஒரு தாவல், இதற்கெல்லாம் ஒரே சேணம் போதும். வெளிநாட்டுப் பெரிய கம்பெனி என்றால் லட்சத்தில் நிற்கும். அதனால் நம் கையில் இருக்கிற பணத்துக்கு நல்ல பழையது ஒன்று பார்த்தேன். இதில் என்ன பேராசை இருக்கிறது?

நான் அவனை நம்பிய இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவனையும் அவன் அங்கேதான் பிடிப்பான். விலை கேட்டவுடன் அவன் விலை சொல்லவில்லை. "அண்ணா, மொதல்ல குதிரை முதுகு அளவு சொல்லுங்க. அளக்காம யாராச்சும் சேணம் வித்தா வாங்காதீங்க" என்றான். வளைகிற கம்பி ஒன்றை எடுத்து, தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால், முதுகின் குறுக்கே அழுத்தி, அந்த வளைவை அப்படியே காகிதத்தில் வரைந்து அனுப்பச் சொன்னான். குதிரையைச் சமதளத்தில் நிறுத்தி எடுங்கள் என்றும் சொன்னான். என் உயரம், எடை, இடுப்பிலிருந்து முழங்கால் வரை நீளம் எல்லாம் கேட்டான். அத்தனையும் சரியான கேள்வி! ஒரு நல்ல சேணக்காரர் கேட்க வேண்டிய கேள்வி. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்க பெட்டைக்குக் கழுத்து முடியற எடத்துல முதுகு மேடு கொஞ்சம் தூக்கலுங்ணா, அகலமானது போட்டா எலும்புல உக்காந்துக்கும். நம்மகிட்ட ஒண்ணு இருக்கு, அளவெடுத்துச் செஞ்சாப்ல பொருந்தும்" என்றான். குதிரையைப் பற்றி அக்கறையாகப் பேசுகிறவன் குதிரையைக் கெடுப்பான் என்று யாருக்குத் தோன்றும்? கான்பூரில் ஏற்றுமதிக்குச் செய்த சேணம், 17 அங்குல இருக்கை, உள்ளே நல்ல மரச் சட்டம், அடிமெத்தையில் சுத்தக் கம்பளி என்று சொன்னான். கான்பூர்ச் சேணம் வெளிநாட்டுக்குப் போவது உண்மை, புவிசார் குறியீடுகூட வாங்கியிருக்கிறது. அந்த நல்ல பெயரைத்தான் இவன் விற்றுப் பிழைக்கிறான். செயலிக்குள்ளேயே பணம் கட்டினேன். 23,500 ரூபாய், முழுதாக.

வந்த பெட்டியைத் திறந்தபோது தோல் பளபளவென்று எண்ணெய் பூசி இருந்தது. சேணத்தின் முன்மேட்டின் பக்கத்தில் இருக்கும் குமிழிலிருந்து பின்மேட்டின் நடு வரைக்கும் டேப் பிடித்தால் 16 அங்குலம். ஓர் அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். ஏறி உட்கார்ந்தால் தொடை முன்னால் முட்டுகிறது, பின்பக்கம் பின்மேட்டில் ஏறிக்கொள்கிறது. உட்கார்ந்த பிறகு பின்னால் ஒரு கை அகலம் இடம் இருக்க வேண்டும். எனக்கு அங்கே விரல்கூட நுழையவில்லை. பெட்டை காதை மடக்கி வாலை அடித்துக்கொண்டே வந்தது. திரும்பி வந்து சேணத்தை இறக்கினால் முதுகு முழுக்க வேர்வை, முதுகு மேட்டின் இரண்டு பக்கமும் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்த இடம். அழுத்தம் விழுகிற இடத்தில் அப்படித்தான் காய்ந்து நிற்கும். சாயங்காலம் அந்த இடம் வீங்கிவிட்டது. தொட்டால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நகர்கிறது. எனக்குப் பணத்தைவிட இதுதான் வயிற்றெரிச்சல். வாய் பேசாத உயிர், அது என்ன பாவம் செய்தது?

பாளையங்கோட்டையில் எங்கள் மாமா ஒருவர், ராணுவத்தில் குதிரைப் பிரிவில் இருந்தவர். அவரிடம் கொண்டுபோனேன். முன்மேட்டைத் தொடையில் ஊன்றிக்கொண்டு பின்மேட்டை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தார். நல்ல சட்டம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், விட்டால் திரும்பிவிடும். இது நெறநெறவென்று சத்தம் போட்டு மடங்கியது. "ஏலே, இதுக்கு முதுகெலும்பே ஒடிஞ்சு கெடக்கு, இதத் தூக்கிக் குதிர மேல வச்சியா?" என்றார். அடிமெத்தைத் தையலைப் பிரித்தால் கம்பளி இல்லை, பழைய பஞ்சும் சாக்குத் துணியும். உடைந்த சட்டத்தின் மேல் தகரத் துண்டு வைத்து ஆணி அடித்திருக்கிறான். கால் வைக்கிற அங்கவடி தொங்குகிற இரும்புகூட ஒரு பக்கம் ஆடுகிறது. ஓட்டத்தில் அது பெயர்ந்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முதலில் "கூரியர்ல போட்டு ஒடச்சிருப்பானுங்ணா" என்றான். ஆணியையும் கூரியர்க்காரன்தான் அடித்தானா என்று கேட்டேன். அடுத்து, குதிரை இளைத்திருக்கும், கனமான விரிப்பு இரண்டு போடுங்கள் என்றான். இறுக்கமான சேணத்துக்குக் கீழே விரிப்பைக் கூட்டினால் இன்னும் இறுகும், இது அவனுக்குத் தெரியாதா? அப்புறம் முதலாளி ஊரில் இல்லை. அப்புறம் பழைய சாமானுக்கு ரிட்டன் கிடையாது. அப்புறம் என் நம்பரையே தடுத்துவிட்டான்.

செயலியின் உதவிப் பிரிவு இன்னும் மோசம். புகார் எண் ஒன்று கொடுத்தார்கள். படம் கேட்டார்கள், அனுப்பினேன். வீடியோ கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். கடைசியில் வந்த பதில்: இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விஷயம், புகார் முடித்துவைக்கப்பட்டது. என் 23,500 ரூபாய் அவர்கள் வழியாகத்தானே போனது? அதில் அவர்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்போது மட்டும் இடையில் இருந்தார்களா?

பெட்டையை ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். வீக்கம் முழுதாக வடிகிற வரைக்கும் முதுகில் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இப்படி அழுந்திய இடத்தில் பிறகு வெள்ளை முடி முளைக்கலாம்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். சட்டத்தை மடக்கிப் பார்க்கிற வீடியோ கேளுங்கள், சத்தத்தோடு. டேப் வைத்து இருக்கையை அளக்கிற வீடியோவும் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். கையில் வந்தால் விரிப்பு இல்லாமல் முதுகில் வைத்துப் பாருங்கள்: நீங்கள் ஏறிய பிறகும் முதுகு மேட்டுக்கு மேலே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், சேணத்தின் அடியில் ஓடும் நடுப்பள்ளம் முதுகெலும்பை எங்கேயும் தொடக் கூடாது, கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது.

நேற்று அந்தக் கணக்கில் அதே சேணத்தின் படத்தை மறுபடியும் ஏற்றியிருக்கிறான். சேணம் என் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது, படம் அங்கே விற்பனைக்கு! இடது பக்கத் தோலின் கீழ் ஓரத்தில் வெள்ளை நூலில் தைத்த ஒட்டு ஒன்று தெரியும். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் யாராவது அந்தப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டியிருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். ரசீதையும் அவனோடு பேசிய பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.