டயட் கோச்சிடம் கொடுத்த 18,500 ரூபாய்

கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

ரீல்ஸில் அடிக்கடி வரும் ஒரு ஆன்லைன் டயட் புரோகிராம். 90 நாளில் சர்க்கரை நோய் போயே போய்விடுமாம். அம்மாவுக்காகச் சேர்ந்தோம். பவுடர் டப்பாக்களோடு சேர்த்து 18,500 ரூபாய்.

பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த கோச் பெண் போனில் பேசிய பேச்சு இருக்கிறதே! "உங்களுக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றார். கத்தரிக்காய் காரக்குழம்பு என்றார் அம்மா. "தாராளமா சாப்பிடலாம்மா, அளவுதான் முக்கியம். பட்டினி எல்லாம் போட மாட்டோம்." எங்கள் டாக்டரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, விவரம் தெரிந்தவர் என்று உடனே ஜிபேயில் அனுப்பினோம்.

மறுநாள் வந்தது ஒரு பிடிஎஃப். சோறு கூடாது, இட்லி கூடாது, பருப்பு கூடாது, பழம் எதுவுமே கூடாது. முட்டை, பனீர், வெண்ணெய், அப்புறம் அவர்களுடைய பவுடர். வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த எல்லோருக்கும் அதே பிடிஎஃப். அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர் சாப்பிடுவது கிளிமிபிரைடு. நாம் சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, அம்மாவுக்குப் பேச்சே குழறிவிட்டது. குளுக்கோமீட்டரில் 52. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஓடினோம். "சோற்றைக் குறைக்கத்தானே சொன்னேன், யார் நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

கோச்சுக்கு மெசேஜ் போட்டால், "டீடாக்ஸ் ஆகுதுங்க, நல்ல அறிகுறி" என்று பதில், கூடவே கைகூப்பும் எமோஜி. நல்ல அறிகுறியாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டால் சப்போர்ட் டீமைக் கேளுங்கள் என்றார். அவர்கள் கோச்சையே கேளுங்கள் என்றார்கள். அப்புறம், "எடைதான் குறைஞ்சிருச்சே, ரிசல்ட் வந்திருச்சே." மாவுச்சத்தை நிறுத்தினால் முதல் வாரத்தில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கா 18,500 ரூபாய்? திரும்பக் கேட்டதும் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

இப்போது அம்மாவுக்குக் காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, தட்டில் பாதிக்குக் காய். காரக்குழம்பும் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தது இது.

சொல்கிறேன் என்றேனே: சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தாதீர்கள். என்ன மாத்திரை என்று கேட்காத கோச்சுக்குப் பத்து பைசா தராதீர்கள். டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா பாருங்கள், எங்களுக்கு வந்ததில் இல்லை. பில் கேட்டு வாங்குங்கள். 18,500 ரூபாய்க்கு என் கையில் இருப்பது ஒரு ஜிபே ஸ்கிரீன்ஷாட்தான். அதை வைத்துத்தான் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கப்போகிறேன்.