விற்றவர் சொன்னது பொய்யானால்: ரத்து செய்வதா, வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்பதா?

38,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லி டீலர் விற்ற பழைய கார். சர்வீஸ் பதிவைப் பார்த்தால் ஓட்டம் 90,000-ஐத் தாண்டியிருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 19-ஆவது பிரிவு இங்கே இரண்டு வழி தருகிறது: ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், அல்லது வண்டியை வைத்துக்கொண்டு, சொன்னது உண்மையாக இருந்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பீர்களோ அந்த நிலைக்கு ஈடுகட்டச் சொல்லலாம்.

இரண்டுக்குமே, சொன்னது சரிபார்க்கக்கூடிய தகவலாக இருக்க வேண்டும். "அருமையான வண்டி" என்பது வெறும் புகழ்ச்சி. "இன்ஜின் பிரித்ததே இல்லை" என்பது தகவல். அதை நம்பித்தான் வாங்கினீர்கள் என்பதும் முக்கியம். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஆலையில் ஆண்டுக்கு 500 மணங்கு (பழைய எடை அளவு) அவுரி நீலம் தயாராகிறது என்கிறார் ஆலையை விற்பவர். வாங்குபவர் கணக்கைப் பார்க்க, அதில் 400 மணங்குதான் இருக்கிறது. அதற்குப் பிறகும் ஆலையை வாங்கினால் அவரால் ரத்து செய்ய முடியாது.

உண்மையென நம்பிச் சொன்ன தவறான தகவலுக்கும் ரத்து உண்டு. ஆனால் "சாதாரணமாக விசாரித்திருந்தாலே தெரிந்திருக்கும்" என்று விற்றவர் வாதாடலாம். வேண்டுமென்றே சொன்ன பொய்க்கு அந்த வாதம் செல்லாது. என்ன சொன்னார் என்பதை நிரூபிக்க வேண்டியிருப்பதால்தான் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், சர்வீஸ் பதிவு மூன்றையும் முதல் வேலையாகச் சேமிக்கச் சொல்கிறோம்.

ரத்து செய்தால் பணம் முழுதும் திரும்பும், கூடவே நஷ்டஈடும் கேட்கலாம். ஆனால் வாங்கியதை நீங்களும் திருப்பித் தர வேண்டும் (பிரிவு 64). வழக்கு சறுக்கக்கூடியது இங்கேதான்: பொய் தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் ஓட்டுவது, புது சீட் கவர் போடுவது, வேறொருவருக்கு விற்பது. தெரிந்தே ஏற்றுக்கொண்டார் என்று நீதிமன்றம் முடிவுகட்டிவிடலாம். சிவில் வழக்குக்கு உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு கெடு இருப்பதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது.

வைத்துக்கொள்வது என்றால் மெக்கானிக்கின் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். சொன்னபடி இருந்திருந்தால் என்ன விலை, இப்போது என்ன விலை என்ற வித்தியாசம்தான் கோரிக்கையின் அடிப்படை. சொன்ன தகவல் ஒப்பந்த நிபந்தனையாகவே இருந்தால் சரக்கு விற்பனைச் சட்டம், 1930 வரும். அதன்படி சரக்கை ஏற்றுக்கொண்டுவிட்டால் பெரும்பாலும் நஷ்டஈடோ விலைக்குறைப்போதான் மிஞ்சும்.

சொந்த உபயோகத்துக்கு டீலரிடம் வாங்கியவருக்கு நுகர்வோர் ஆணையம் நல்ல வழி. அங்கே கெடு 2 ஆண்டு. மறுவிற்பனைக்கு வாங்கியவர் அங்கே போக முடியாது.

எங்கள் கருத்து: ஓட்டம், தயாரிப்பு ஆண்டு, உரிமை போன்ற அடிப்படையிலேயே பொய் என்றால் ரத்துதான் சரி. தெரிந்த வாரமே வண்டியை நிறுத்திவிட்டு, எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். எந்தப் பேச்சு பொய், எப்போது தெரிந்தது, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் தரவும் – இந்த நான்கும் அதில் இருக்கட்டும். "கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் சரி" என்று அதிலேயே சேர்த்தால், ரத்து செய்தீர்களா இல்லையா என்பதே தகராறாகிவிடும்.