ஓட்ஸா, கோழியா? சம்பள நாளில் எதை வாங்குவது

ஓட்ஸையும் கோழியையும் ஒப்பிடுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். ஒன்று தானியம், மற்றது இறைச்சி. ஆனால் சம்பளம் கைக்கு வந்ததும் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டன் டவுனுக்கு இறங்கி, அரிசி, கோதுமை மா, பருப்பு, பால்மா எல்லாம் வாங்கி முடித்தபிறகு மிஞ்சுகிற காசில் 'உடம்புக்கு நல்லதா ஏதாவது ஒன்னு' வாங்கலாம் என்று நிற்கிற வீடுகளில் இரண்டுக்கும் நேரடிப் போட்டிதான். எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் ஓட்ஸ் வந்தது, இப்போது அந்தக் காசு பெரும்பாலும் கோழிக்கடைக்குப் போகிறது. அதனால் நான் கோழிப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், தெரிந்துகொண்டே படியுங்கள்.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். காய்ந்த ஓட்ஸ் 100 கிராமில் ஏறத்தாழ 380 கலோரி, 13 கிராம் புரதம், 10 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 165 கலோரி, 31 கிராம் புரதம், மூன்றரை கிராம் கொழுப்பு. நார்ச்சத்து கோழியில் சுத்தமாகக் கிடையாது, விட்டமின் பி12 ஓட்ஸில் கிடையாது. இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: யாரும் ஒரே வேளையில் 100 கிராம் ஓட்ஸ் சாப்பிடுவதில்லை. ஒரு கோப்பைக் கஞ்சிக்கு 40 கிராம் போதும், அதில் புரதம் வெறும் 5 கிராம்தான். பால் ஊற்றினால் கூடும், ஆனால் அது பாலின் புரதம், ஓட்ஸின் கணக்கில் எழுதக்கூடாது.

கிலோவுக்குக் கிலோ வைத்துப் பார்த்தால்தான் சுவாரஸ்யம். கடையில் எலும்போடு ஒரு கிலோ கோழி வாங்கினால் எலும்பு போக ஏறத்தாழ 650 கிராம் சதை தேறும், அதில் புரதம் சுமார் 130 கிராம். ஒரு கிலோ ஓட்ஸிலும் புரதம் அதே 130 கிராம்தான்! ஆக புரதத்தை மட்டும் எடைபோட்டால் இரண்டும் சமம், அன்றைக்குக் கடையில் எது மலிவோ அதை வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் ஓட்ஸில் அந்த 130 கிராம் புரதத்தை எடுக்க 3,800 கலோரியையும் சேர்த்துச் சாப்பிட்டாகவேண்டும், கோழியில் அதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சத்தோடு முடிந்துவிடும். புரதத்தின் ஒரு கூறான லைசின் என்கிற அமினோ அமிலமும் ஓட்ஸில் குறைவு. பருப்போடு சாப்பிட்டால் அந்தக் குறை ஈடாகிவிடும் என்பதால் அதைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

அந்தக் கூடுதல் கலோரி யாருக்குப் பாரம் என்பது வீட்டுச் சாப்பாட்டைப் பொறுத்தது. நம் தோட்டத்து வீடுகளில் காலையில் ரொட்டி, சம்பல், சீனி போட்ட பிளேன்டி (பால் சேர்க்காத தேத்தண்ணி). பகலுக்குச் சோறு இல்லாவிட்டால் மறுபடி ரொட்டி, இரவுக்குச் சோறு, கறியென்று பார்த்தால் பாதி நாள் உருளைக்கிழங்கு. காலை முதல் இரவு வரை மாவுச்சத்துதான். அதற்குமேல் ஓட்ஸையும் ஊற்றுவது ஏற்கனவே நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. ரொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓட்ஸ் கொடுத்தால் லாபம்தான், நார்ச்சத்துக்காகவாவது. ஆனால் காலையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் ரொட்டியை விடுவார்களா? அக்காவுக்கு ஒரு கோப்பை ஓட்ஸ் கொடுத்தால், "இதக் குடிச்சிட்டு கொழுந்துக்கூடையத் தூக்கிட்டு ஏறுனா பத்து மணிக்கெல்லாம் கண்ணு இருட்டிரும்டா" என்று சொல்லி, கஞ்சியையும் குடித்துவிட்டு ரொட்டியையும் கட்டிக்கொண்டு போவாள்.

அக்காவைப் பற்றிச் சொன்னதால் எங்கள் முடிவை மாற்றிய விஷயத்துக்கு வருகிறேன்: இரும்புச்சத்து. கிளினிக்கில் அவளுக்கு இரத்தம் குறைவு என்றார்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது கணக்கு. அட்டவணையைத் திறந்து பார்த்தால் ஓட்ஸ் 100 கிராமில் இரும்பு 4 மில்லிகிராமுக்கு மேல், கோழியில் ஒரு மில்லிகிராம் சுமார். காகிதத்தில் ஓட்ஸ் நாலு மடங்கு முன்னால் நிற்கிறது. ஓட்ஸ் பக்கம் பேசுகிறவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள்.

சாப்பிட்ட இரும்பு எல்லாம் இரத்தத்தில் சேர்வதில்லை, சிக்கல் அங்கேதான். தானியம், பருப்பு, கீரை எதிலிருந்து வந்தாலும் அந்த இரும்பு உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். ஓட்ஸில் இருக்கிற ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறைச்சியில் இருக்கிற இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற வடிவத்தில் இருப்பதால் அதற்கு இந்தத் தடை அவ்வளவாக இல்லை. இதற்கு மேல் நம் ஊருக்கே உரிய ஒரு வில்லன் இருக்கிறது, நாம் பறித்து உலகத்துக்கெல்லாம் அனுப்புகிற தேயிலை. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் அதிலுள்ள பாலிஃபீனால்கள் தானிய இரும்போடு ஒட்டிக்கொண்டு அது உடம்பில் சேர்வதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும். காலையில் ரொட்டிக்கும் பிளேன்டி, பத்து மணிக்கும் பிளேன்டி, வந்ததும் பிளேன்டி என்று பழகிய வீட்டில் ஓட்ஸின் அந்த 4 மில்லிகிராமில் எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோழியில் இரும்பு குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இறைச்சி இன்னொரு வேலையும் செய்கிறது: அதே வேளையில் சாப்பிடுகிற பருப்பு, கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேர உதவுகிறது. அதனால் ஒரே நாளில் ஒரு கிலோவைக் குழம்பு வைத்துத் தீர்ப்பதைவிட, இரண்டு மூன்று நாளைக்குப் பிரித்து, ஆளுக்கு இரண்டு துண்டு, பக்கத்தில் பருப்பும் வல்லாரையோ பொன்னாங்கண்ணியோ வைத்துச் சாப்பிட்டால் அந்தக் கோழிக்கு மதிப்பு அதிகம். கடைசியில் தேசிக்காய் பிழிந்துவிட்டால் இன்னும் நல்லது, விட்டமின் சி-யும் அதே உதவியைச் செய்யும். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும். இது காசு செலவில்லாத வைத்தியம், வீட்டில் நடைமுறைப்படுத்தத்தான் பெரும்பாடு.

அப்புறம் ஈரல். கோழிக்கடையில் இறைச்சியைவிட மலிவாகக் கிடைக்கிறது, சமைத்த ஈரல் 100 கிராமில் இரும்பு 10 மில்லிகிராமைத் தாண்டும், பி12-உம் தாராளம். மிளகு போட்டுப் பிரட்டினால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். விட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது, மற்றவர்களும் வாரத்துக்கு ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளலாம். கிளினிக்கில் கொடுக்கிற இரும்பு மாத்திரைக்கு இது எதுவும் மாற்று இல்லை. அக்கா மாத்திரையையும் எடுத்தாள், அதனால் அவளுக்கு இரத்தம் கூடியதில் கோழியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

சரி, ஓட்ஸுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். அதன் பலம் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார். கஞ்சி ஆறும்போது கொழகொழவென்று வருகிறதே, அது இதனால்தான். ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறையும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997இலேயே இதைப் பொதிகளில் அச்சிட அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த 3 கிராமுக்கு 75 கிராம் ஓட்ஸ் வேண்டும், நாம் போடுகிற 40 கிராமில் பாதிதான் வரும். குறைவதும் நூற்றுக்கு ஐந்து, ஏழு என்கிற அளவு, மருந்தை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் இருப்பதால் அவருக்கு மட்டும் இன்னும் ஓட்ஸ்தான். மலை வேலையை விட்டுவிட்டார், ரொட்டிக்குப் பதிலாகக் குடிக்கிறார், அவருக்கு அது பொருந்துகிறது. சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்கள் மூன்று நிமிடத்தில் கரைகிற இன்ஸ்டன்ட் வகையை விட்டுவிட்டு, தட்டையான பெரிய செதிலாக இருப்பதை வாங்குங்கள். பொடியாக்கிய வகை சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும், அதில் பால்மாவும் சீனியும் கொட்டினால் ஓட்ஸ் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம்.

கோழியையும் இதே மாதிரி கெடுக்கலாம். தோலோடு பொரித்தால் மேலே சொன்ன 165 கலோரிக் கணக்கு செல்லாது. குழம்பென்றால் தோலை எடுத்துவிட்டு, தேங்காயின் முதல் பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் வைத்தாலும் சுவை ஒன்றும் போய்விடாது. புரொய்லர் கோழிக்கு ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க இருக்கிறது. அது சீக்கிரம் வளர்வதற்குக் காரணம் தேர்ந்தெடுத்த இனமும் தீனியும்தான். நாட்டுக்கோழி ருசி வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன், விலையும் வேறு.

வைத்துப் பாதுகாப்பதில் ஓட்ஸ் வெல்லும் என்று நினைப்பீர்கள். பாதி உண்மை. நம் மூடுபனியில் பொதியைத் திறந்து கிளிப் மாட்டி வைத்தால் கொஞ்ச நாளில் ஈரம் ஏறி ஒரு பழைய வாடை வந்துவிடும், மூடி இறுகிய போத்தலில் கொட்டினால்தான் நிற்கும். கோழிக்கோ பிரிட்ஜ் வேண்டும். 'இந்தக் குளிரே பிரிட்ஜ்தானே' என்று நுவரெலியாப் பக்கம் சட்டியை ஜன்னலோரம் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில் இருக்கும், இறைச்சிக்கு 5க்குக் கீழே வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீடென்றால் அரைக் கிலோவாக வாங்கி அன்றைக்கே சமைத்துவிடுவது நல்லது.

கோழி விலை ஏறுகிற மாதங்களில் நாங்கள் ஓட்ஸுக்குத் திரும்புவதில்லை, முட்டைக்கும் நெத்தலிக் கருவாட்டுக்கும் போகிறோம். கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் உள்ளவர்கள் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் கோழி, முட்டை எதையும் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே புரதக் கணக்கே வேறு.